பன்னிரண்டு மூட்டை நெல்லுக்கு ஒரு விடுமுறை

‘டைம்ஷேர்’ என்ற பெயரில் 25 ஆண்டுகளுக்கு விற்கப்படும் விடுமுறை, காவிரி டெல்டாக் குடும்பத்தின் நாள்காட்டிக்கும் பொருந்தாது, வருமானத்துக்கும் பொருந்தாது. பொருந்துகிற ஒன்றை நாமே வகுத்துக்கொள்ள முடியுமா?

பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு நான்கு ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடும் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் நடந்த ஒரு பொருட்காட்சியில், கூப்பனில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். பதினைந்தாம் நாள் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போனால், ஓட்டலின் ஏசி அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் படம் காட்டினார்கள். மலை, ஏரி, ராட்சத ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கில் கூச்சலிட்டபடி இறங்கும் பிள்ளைகள். சித்திக்கு ஒரு டின்னர் செட் கிடைத்தது. சித்தப்பா கையெழுத்துப் போட்டார்: 25 வருஷத்துக்கு, வருஷத்துக்கு ஏழு இரவு, தவணையில் சில லட்சம்.

முதல் வருஷம் மே மாதம் கேட்டார். அவர் வாங்கிய திட்டத்தின் நிறத்துக்கு மே மாதம் கிடையாது என்று பதில் வந்தது. நிறம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஜூலையில் இடம் கிடைத்தது, ஆனால் வயலில் குறுவை நின்றது. படத்தில் பார்த்த ராட்டினத்துக்கு டிக்கெட் தனி என்பதும் பிறகுதான் புரிந்தது. போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுச் சந்தாவுக்கு மட்டும் தவறாமல் கடிதம் வந்தது.

“ஏழு நாளு வீட்டப் பூட்டிட்டுப் போனா மாட்ட யாருடா கறக்குறது? இத ஒண்ண அந்த மூணு மணி நேரத்துல நான் கேட்டிருந்தா போதும்” என்றார் சித்தப்பா.

இந்தக் கட்டுரை அவருடைய அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. அவரை ஏமாற்றியது ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகளை ஒருமுறை பெரிய ராட்டினத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அவருக்கு விற்கப்பட்ட பண்டத்தின் அளவுதான் தவறு.

யாருக்காகத் தைத்த சட்டை

டைம்ஷேரின் அடிப்படைக் கணக்கில் குற்றமில்லை. மலையில் ஒரு வீடு கட்டினால் வருஷத்தில் இரண்டு வாரம் இருப்போம், ஐம்பது வாரம் அது பூட்டிக் கிடக்கும். அதையே ஐம்பது குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு வாரம், செலவில் ஐம்பதில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் இதைத் தொடங்கியவர்களில் முன்னோடி, 1963-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஹாபிமாக். அதை தீம் பார்க்கோடு இணைத்துப் பெரிதாக்கியது டிஸ்னி. 1991-இல் ஃபுளோரிடாவில் தொடங்கிய டிஸ்னி வெகேஷன் கிளப், வாரக் கணக்குக்குப் பதிலாகப் புள்ளிக் கணக்கை வைத்தது. வருஷத்துக்கு இத்தனை புள்ளி, கூட்டமான நாளில் ஓர் இரவுக்கு அதிகப் புள்ளி, கூட்டமில்லாத நாளில் குறைந்த புள்ளி. இரண்டு இரவு மட்டும் தங்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

இந்தியாவில் இந்த வணிகம் வேர்விட்ட ஊர் சென்னை. ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் 1986-இலும், கிளப் மஹிந்திராவை நடத்தும் நிறுவனம் 1996-இலும் அங்கே தொடங்கின. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று மலைகளில் விடுதிகள் வந்தன. பருவத்துக்கு ஒரு நிறம், குடும்பத்தின் அளவுக்கு ஒரு அறை, 25 ஆண்டு உறுப்பினர் உரிமை என்ற அமைப்பு நடுத்தர வர்க்கத்துக்குப் பழகிப்போனது. மாதச் சம்பளமும் ஈட்டிய விடுப்பும் பயணச் சலுகையும் உள்ள குடும்பத்துக்கு அது பொருந்தலாம். பொருந்தி, சந்தோஷமாக அனுபவித்துவரும் குடும்பங்களும் உண்டு.

நெல்லை நம்பியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டை எந்தப் பக்கத்திலும் சேராது. விலையை மட்டும் பாருங்கள். 2025–26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சரியாக 1,000 ரூபாய். உறுப்பினர் கட்டணம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால் 300 மூட்டை, அதாவது 12 டன் நெல். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் முப்பது கண்டால் சித்தப்பாவின் நான்கு ஏக்கரும் சேர்ந்து ஒரு போகத்துக்கு 7,200 கிலோதான் தரும். உரக்கடைக்காரருக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஒரு பைசா கொடுக்காமல் மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் அந்தக் கட்டணம் அடையாது.

காவிரி வகுத்த நாள்காட்டி

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை. பிறகு சம்பா, தாளடி. தை, மாசியில் அறுவடை, அதன்பின் ஈரம் காயுமுன் தெளித்த உளுந்தும் பயறும். பங்குனி, சித்திரையில் அதையும் எடுத்துவிட்டால் அடுத்த தண்ணீர் வரும்வரை வயலுக்கு ஓய்வு. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் கோடையிலும் நடுவார்கள், அவர்கள் கணக்கு வேறு. பெரும்பாலான வீடுகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது சித்திரையும் வைகாசியும்தான். பள்ளிக்கூடமும் அப்போதுதான் மூடியிருக்கும்.

ஆனால் பணம் அந்த மாதங்களில் வருவதில்லை. சம்பா நெல்லுக்கான தொகை தை, மாசியில் கணக்கில் ஏறும், சித்திரைக்குள் கடன், நகை மீட்பு, கல்யாண மொய் என்று கரைந்துவிடும். கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு இன்னும் கடினம், வேலையே இல்லாத மாதங்கள் அவை. நேரம் இருக்கும்போது காசு இல்லை, காசு இருக்கும்போது நேரம் இல்லை. டெல்டாவுக்கு ஒரு விடுமுறைத் திட்டம் வகுப்பவர் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான். விடுதி எங்கே, அறை எத்தனை சதுர அடி என்பதெல்லாம் அதற்குப் பின்னால்.

நாள் கணக்கிலும் அளவு குறைய வேண்டும். கறவை மாடு, வயதான அம்மா, வாய்க்கால் மடை, இவற்றைப் பக்கத்து வீட்டிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு இரவு போகலாம், மூன்றாம் நாள் திரும்பியாக வேண்டும். தீம் பார்க்குக்கும் அதற்கு மேல் தேவையில்லை. ஒருநாள் முழுக்கப் பூங்கா, ஒருநாள் கடற்கரையும் மாமல்லபுரமும். பிள்ளைகள் கேட்பது அவ்வளவுதான்.

போவதற்கு இடமும் இப்போது பக்கத்தில் வந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு சென்னைக்குப் போனால் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., 1995-இல் வந்த தாம்பரம் கிஷ்கிந்தா. மேற்கே போனால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் திறந்துவிட்டது. உழவன் விரைவு ரயிலில் இரவு தஞ்சாவூரில் ஏறினால் காலையில் சென்னை. கொச்சி வொண்டர்லா வேண்டுமென்றால் காரைக்கால் – எர்ணாகுளம் ரயில் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது.

கரையும் சத்திரமும்

பங்கு, முறை என்ற இரண்டு சொல்லும் டெல்டாவுக்கு வெளியூரிலிருந்து வந்தவை அல்ல. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். இன்றைக்கு எனக்கு வேண்டாம், நீ எடுத்துக்கொள், உன் முறையை எனக்குக் கொடு என்று மாற்றிக்கொள்கிறோம். அதற்கும் முன்னால் நிலத்தையே முறை வைத்து அனுபவித்த ஊர்கள் இங்கே இருந்தன. சமுதாயக் கிராமம் என்பார்கள். ஊர் நிலம் முழுவதும் பங்காளிகளுக்குப் பொது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தைக் கரைகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, யாருக்கு எந்தக் கரை என்று புதிதாக வகுப்பார்கள். அதற்குக் கரையீடு என்று பெயர். நல்ல தண்ணீர்ப் பாய்ச்சலுள்ள நிலம் என்றைக்கும் ஒருவர் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். 1805-இல் கிழக்கிந்தியக் கும்பினி அரசு எடுத்த கணக்கில் தஞ்சைச் சீமையின் 5,783 கிராமங்களில் 1,807 இந்த வகையைச் சேர்ந்தவை.

அந்த முறையில் ஒரு பெரிய அநீதி இருந்தது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. கரையில் பங்கு மிராசுதாருக்குத்தான். சேற்றில் இறங்கி நட்ட பண்ணையாளுக்கு ஒரு குழி நிலத்திலும் முறை கிடையாது. பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று வர 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய கரையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுழலும் சீட்டை மட்டும்தான். யார் பங்காளி என்ற பட்டியலை மாற்றி எழுத வேண்டும்.

இன்னொரு பாடம் சத்திரம். ராமேசுவரம் போகும் சாலையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் 1802-இல் இரண்டாம் சரபோஜி காலத்தில் எழுந்தது. யாத்திரிகனுக்குப் படுக்க இடமும் ஒருவேளைச் சோறும் கிடைக்கும், செலவுக்கு மானிய நிலம் உண்டு. நகரத்தார் விடுதிகள் காசியிலும் ராமேசுவரத்திலும் இன்றைக்கும் நடக்கின்றன. வங்கி ஊழியர்களும் எல்.ஐ.சி. ஊழியர்களும் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ‘ஹாலிடே ஹோம்’ வைத்து, உறுப்பினர்களுக்குச் சொற்பக் கட்டணத்தில் அறை தருகிறார்கள். இவற்றில் எதற்கும் 25 வருஷ ஒப்பந்தம் தேவைப்படவில்லை. விற்பனைக் கூடமும் டின்னர் செட்டும் தேவைப்படவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. விற்பதற்காகும் செலவைத் தூக்கிவிட்டால் தங்குவதற்கு ஆகும் செலவு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு மாதிரிக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் நால்வர் தங்கும் எளிய அறை. அதை ஒரு சங்கம் ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறது. வாடகை, ஆள், சலவை, மின்சாரம், சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்து அறைக்கு வருஷம் 3,30,000 ரூபாய். பழுதுபார்ப்புக்கு 35 நாள் போக 330 இரவு மிச்சம். அதில் பத்துக்கு ஏழு இரவுதான் நிரம்பும் என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 231 இரவு. ஓர் இரவுக்கு ஏறத்தாழ 1,430 ரூபாய், இரண்டு இரவுக்கு 2,860.

பூங்கா நுழைவு தலைக்கு 1,500 என்றால் நால்வருக்கு 6,000. ரயிலில் படுக்கை வசதி, தலைக்கு ஒரு வழிக்கு 250 என்று போக வர 2,000. மொத்தம் 10,860. சாப்பாட்டுக்கும் உள்ளூர்ப் பேருந்துக்கும் கைச்செலவாக 1,140 சேர்த்தால் 12,000 ரூபாய். பன்னிரண்டு மூட்டை நெல். கால் ஏக்கர் விளைச்சலுக்குச் சற்று அதிகம். கூட்டமாக எடுக்கும் டிக்கெட்டுக்கும் சிறுவர் டிக்கெட்டுக்கும் கிடைக்கும் தள்ளுபடியை நான் சேர்க்கவில்லை, அது சங்கத்துக்கு மிச்சமாக இருக்கட்டும்.

ஒரு முழுப் பங்கான இந்தப் பன்னிரண்டு மூட்டையையும் சித்திரையில் கேட்டால் ஒருவரும் தர முடியாது. குறுவை அறுத்த கையோடு நான்கு, சம்பா நெல் போட்ட கையோடு எட்டு. கொள்முதல் பணம் வருகிற வங்கிக் கணக்கிலிருந்தே, விவசாயி எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில், சங்கத்துக்குப் போய்விட வேண்டும். நேரமும் காசும் சந்திக்காத சிக்கல் இங்கே அவிழ்கிறது.

கூலிக் குடும்பங்களுக்கு அரைப் பங்கு வேண்டும். மகளிர் குழுவில் வாரம் 125 ரூபாய், 48 வாரத்தில் 6,000. அறை எடுக்காமல் இரவு ரயிலில் போய், பகல் முழுக்கப் பூங்கா பார்த்து, அன்றிரவே ரயிலேறலாம். ரயிலுக்கு 2,000, தலைக்கு 800 ரூபாயில் நுழையக்கூடிய பூங்கா என்றால் 3,200, சாப்பாட்டுக்கு 800. முழுப் பங்கு, அரைப் பங்கு இரண்டுக்கும் சீட்டுக் குலுக்கலில் ஒரே மதிப்பு. பண்ணையாளுக்குக் கரை கிடைக்காத ஊரில் இதை முதல் விதியாக எழுத வேண்டும் என்பேன்.

அடுத்தது மே மாதம். எல்லாரும் மேயைத்தான் கேட்பார்கள். வணிக நிறுவனம் இதற்கு நிறம் தீட்டி விலையைக் கூட்டுகிறது. டெல்டாவுக்குக் கரையீடு போதும். இந்த வருஷம் மே கிடைத்தவர் அடுத்த வருஷம் வரிசையின் கடைசிக்குப் போவார். காலாண்டு விடுமுறையோ வெள்ளி, சனி இரவுகளோ போதும் என்பவருக்கு முன்னுரிமை. முறையை அண்டை வீட்டாருக்கு மாற்றிக் கொடுக்கலாம், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கூடாது.

மே நெருக்கடியைத் தளர்த்த இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக பொறியியல் கல்லூரிகள், அவற்றுக்கெல்லாம் மாணவர் விடுதிகள். தேர்வு முடிந்த பிறகு அந்த அறைகள் ஜூன் வரை பூட்டிக் கிடக்கும். ஒரு மாதத்துக்கு அவற்றை வாடகைக்குப் பேசினால் ஆண்டு முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. படுக்க இடம் எப்படி இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். கேரளத்தில் இதைவிடத் துணிந்தார்கள். அந்த மாநில அரசுப் பேருந்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. 2020-இல் மூணாறில் பழைய பேருந்துகளையே படுக்கை அறையாக்கி, ஒரு படுக்கை 100 ரூபாய்க்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ‘பட்ஜெட் டூரிசம்’ என்று தனிப் பிரிவே தொடங்கி, சாதாரணக் குடும்பங்களைச் சுற்றிக் காட்டுகிறது.

நம் பக்கத்திலும் கொடுப்பதற்கு ஒன்று உண்டு. 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம். சாதாரண நாளிலேயே நவக்கிரகத் தலங்களுக்கு வருகிறவர்கள் அறை தேடி அலைகிறார்கள். கும்பகோணத்தில் ஒரு சங்கம் நான்கு அறை வைத்திருந்தால், சென்னையில் உள்ள ஒரு ஊழியர் சங்கத்தின் அறைகளோடு இரவுக்கு இரவு மாற்றிக்கொள்ளலாம். உலக டைம்ஷேர் நிறுவனங்கள் 1974 முதல் செய்துவரும் பரிமாற்றம் இதுதான். வயலை அழித்து இங்கே ஒரு தீம் பார்க் கட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எழுதிக் கையெழுத்திட வேண்டிய மூன்று சொற்கள்

நம் மக்கள் சீட்டுக் கம்பெனிகளிலும் ஈமுக் கோழிப் பண்ணைத் திட்டங்களிலும் இழந்த பணம் கொஞ்சமல்ல. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

‘தங்காவிட்டால் பணம் வட்டியோடு திரும்பும்’ என்று ஒருவர் சொன்ன நொடியில் அது விடுமுறைத் திட்டமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் அறை இரவுகளை விற்றது. தங்காதவர்களுக்குக் காலக்கெடு முடிவில் கூடுதல் தொகை தருவதாகச் சொன்னது. இது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி முடிவு செய்தபோது, 51 லட்சத்துக்கும் அதிகமான பேரிடமிருந்து 7,035 கோடி ரூபாய் திரட்டப்பட்டிருந்தது. ஆகவே முதல் சொல்: லாபம் கிடையாது. போகாதவருக்கு அவர் கட்டியதில் செலவாகாத பகுதி மட்டும் திரும்பும், ஒரு ரூபாய் கூடுதலாகத் திரும்பாது.

இரண்டாவது சொல்: ஒரு வருஷம். பங்கு தை முதல் மார்கழி வரைதான். பிடித்தால் அடுத்த தையில் மறுபடி சேரலாம். 25 வருஷத்தில் மகள் கல்யாணமாகிப் போவாள், மகன் வெளிநாட்டில் இருப்பான், ராட்டினத்தில் ஏற நமக்கு உடம்பு இடம் கொடுக்காது.

மூன்றாவது: 14 நாள். ஐரோப்பாவில் டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களில் அவரிடம் பணம் வாங்கவே கூடாது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. நம் சங்கம் அதைத் தன் துணைவிதியில் தானே எழுதிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே தனியார் திட்டத்தில் சிக்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்க்க வழி தருகிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இதை யார் நடத்துவது? புதிதாக ஒரு கம்பெனி வேண்டாம். ஊருக்கு ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. உறுப்பினரிடம் வைப்பு வாங்கி அதற்குத் தணிக்கை காட்டுவது அதற்கு அன்றாட வேலை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு விடுதிகளும் முன்பதிவு முறையும் உண்டு. கும்பகோணம் போக்குவரத்துக் கழகம் 2024-இல் நவக்கிரகக் கோயில்களுக்கு 750 ரூபாயில் ஒருநாள் பேருந்து விட்டு, குறைந்த கட்டணத்தில் சுற்றுலா நடத்த முடியும் என்று காட்டியிருக்கிறது. மூன்றும் அரசின் கைக்குள் இருப்பவை. ஒரே மேசையில் உட்கார வைக்க ஒரு அரசாணை போதும். தணிக்கை அறிக்கையைச் சங்க வாசலில் ஒட்ட வேண்டும், குலுக்கல் ஊர் முன்னிலையில் நடக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் கூலிக் குடும்பத்துப் பெண்கள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் நான் இதை ஆதரிக்க மாட்டேன்.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ரெண்டு ராத்திரின்னா எதிர்வீட்டு மச்சான் கறந்துடுவான்” என்றார். பிறகு சித்தியைக் கூப்பிட்டு, பேரனுக்கு இப்போது எத்தனை வயது என்று கேட்டார்.

ஓர் அறை, 115 குடும்பங்கள். சோதித்துப் பார்க்க அவ்வளவு போதும். கூட்டுறவுத் துறையும் சுற்றுலாத் துறையும் டெல்டாவில் ஏதேனும் ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்து, வரும் சம்பாப் பணம் கணக்கில் ஏறுவதற்குள் இதைத் தொடங்க வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்.